இயக்குநீர் மாத்திரைகளும் இயந்திரச் சோதனையும்

மாத்திரை என்னும் சொல்லைத் தமிழாசிரியர்கள் முதலில் இலக்கணத்திலேயே சந்திக்கிறார்கள். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதற்கு வரையறை கூறுகிறது. சொல்லின் அடிப்படைப் பொருள் அளவு என்பதே. மருந்துக் கடையில் நாம் வாங்கும் வெண்ணிற வில்லைக்கும் அப்பெயர் வாய்த்தது மிகப் பொருத்தம். அளவு இல்லையேல் அது மாத்திரை அன்று. வெறும் மாவு உருண்டை.

அந்த அளவு உள்ளே சரியாக இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள், எங்ஙனம் பார்க்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். எல்லா மருந்துகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டால் விரியும். ஆதலின், அளவு மிக நுண்மையாக இருக்க வேண்டிய ஒரு வகையை, அதாவது இயக்குநீர் மாத்திரைகளை, அவற்றுள்ளும் சிறப்பாகத் தைராக்சின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம்.

ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அமைத்தார். தமிழில் இயக்குநீர் என்று ஆக்கிக்கொண்டவர்கள் அந்தக் கருத்தை அப்படியே பிடித்துவிட்டார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் இத்தகைய வெற்றி அடிக்கடி கிட்டுவதில்லை. தொண்டையின் முன்புறம் அமைந்த தைராயிடு சுரப்பியைக் கேடயச் சுரப்பி என்பதும் அவ்வாறே. கிரேக்க மொழியிலும் அதன் பொருள் கேடயந்தான்.

இச்சுரப்பி ஊறாதொழிந்தால் உடல் மந்தமாகும். முகம் ஊதும், குரல் கரகரக்கும், குளிர் தாங்காது, நினைவு தடுமாறும். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்னும் மருத்துவர், இந்நோயுற்ற ஒரு பெண்மணிக்கு ஆட்டின் கேடயச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அப்பெண்மணி நலம்பெற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலமெல்லாம் அவருக்கு வேண்டிய சாற்றைத் தர எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆடுகள் தேவைப்பட்டன. 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல், பன்றிகளின் சுரப்பியிலிருந்து தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் சோதனைச்சாலையிலேயே அதனைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினர். 1950களிலிருந்து செயற்கைத் தைராக்சின் மாத்திரை வடிவில் பரவலாயிற்று. இன்று உலகில் மிகுதியாக உட்கொள்ளப்படும் மருந்துகளுள் அஃது ஒன்று. அதனை உண்பவர் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உண்கிறார்.

இனி அளவைப் பார்ப்போம். சாதாரணத் தலைவலி மாத்திரையில் மருந்து 500 மில்லிகிராம் இருக்கும். தைராக்சின் மாத்திரையிலோ 100 மைக்ரோகிராம். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம் ஆகும். ஆகவே ஒரே ஒரு கிராம் தைராக்சினைக் கொண்டு 10,000 மாத்திரைகள் செய்துவிடலாம். ஆனால் 100 மைக்ரோகிராம் பொருளைக் கையால் எடுக்கவோ கண்ணால் அளக்கவோ இயலாது. எனவே சர்க்கரை, மாச்சத்து முதலிய வேறு தூள்களோடு கலந்து நூறு மில்லிகிராம் அளவுக்கு எடையுள்ள வில்லையாக அழுத்துகிறார்கள். ஆயிரம் பங்கில் ஒரு பங்குதான் மருந்து, மற்றவை துணைப்பொருள். பத்து லட்சம் மாத்திரைக்கு நூறு கிலோகிராம் தூள் வேண்டும். அதனுள் மருந்து நூறு கிராம். பெரிய அண்டா நிறைந்த மாவில் ஒரு கைப்பிடி என்க.

அந்தக் கைப்பிடி அண்டா முழுவதும் சமமாகப் பரவ வேண்டும். எளிய காரியமா? பொரியையும் பொட்டுக்கடலையையும் ஒரு டப்பாவில் போட்டு நன்றாகக் கலந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இரண்டு மைல் போனால், கடலை அடியிலும் பொரி மேலிலுமாகப் பிரிந்துவிடும். தூள்களும் அத்தகையனவே. துகள்களின் பருமனும் கனமும் வேறுபட்டால், குலுக்கக் குலுக்கக் கலவாமல் பிரியும். மாத்திரை அழுத்தும் பொறியோ ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பது. துகள் பருமனாக இருப்பதிலும் ஓர் இடர் உண்டு. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள ஒரு தைராக்சின் துகளின் எடையைக் கணக்கிட்டால், நூறு மைக்ரோகிராமில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை வரும். அத்தகைய துகள் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் வலிமை மாறிவிடும். ஆகவே மருந்தை மிக நுண்ணிதாக அரைக்கிறார்கள். பிறகு சிறிது சிறிதாகப் பெருக்கிக் கலக்கிறார்கள். முதலில் மருந்தோடு அதன் அளவுக்குச் சமமான துணைப்பொருள்; கலந்தபின் அக்கலவைக்குச் சமமான துணைப்பொருள்; பின்னும் அவ்வாறே. இப்படிப் பத்து முறை இரட்டித்தால் ஒரு பங்கு 1,024 பங்காகிவிடும். கல்வத்தில் அரைத்துக் கலந்த பழைய மருத்துவர்களும் கையாண்ட முறைதான் இது.

இவ்வளவு பாடுபட்டும் கலவை சீராயிற்று என்பதற்கு உறுதி என்ன? சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் நெடுங்காலம் ஒரு பெரிய ஓட்டை இருந்துவந்தது.

பழைய முறை யாதெனில், இருபது மாத்திரைகளை எடுத்து ஒருங்கே பொடித்து, அப்பொடியில் ஒரு பகுதியை இரசாயன முறையில் அளந்து, சராசரி காண்பது. சராசரி நூற்றுக்கு 100 என்று வந்தால் தொகுதி முழுவதும் நன்று என்று முத்திரையிட்டு அனுப்பினார்கள். ஆனால் நோயாளி சராசரியை விழுங்குவதில்லை. அவர் விழுங்குவது ஒரு மாத்திரை. இருபதில் பத்து மாத்திரைகள் மருந்தே இல்லாமலும், எஞ்சிய பத்து இருமடங்கு மருந்தோடும் இருந்தாலும் சராசரி 100தான். வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்று தலைமையாசிரியர் அறிக்கை எழுதினால், அதனுள் 95 வாங்கியவனும் இருப்பான், 20 வாங்கியவனும் இருப்பான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தோட்டப்புறத்தாருக்கு வேறோர் உவமையும் சொல்லலாம். பால் நிறுக்கும் இடத்தில் எல்லார் பாலையும் பெரிய தொட்டியில் கொட்டியபின் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டால், எவருடைய வாளியில் தண்ணீர் கலந்திருந்தது என்று அறிய வழியில்லை. ஒவ்வொரு வாளியாகப் பார்த்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு மாத்திரையாகப் பார்ப்பதன் அவசியத்தை இரசாயனிகள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் கை போதவில்லை. ஒரு மாத்திரையைக் கரைத்து, வடிகட்டி, நிறமூட்டி, அளந்து முடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு நெடுநேரம் ஆகும். பத்து மாத்திரை என்றால் ஒரு நாளே போய்விடும். ஒரு தொழிற்சாலையில் நாளொன்றுக்குப் பல தொகுதிகள். மேலும் களைத்த கையும் கண்ணும் காலை அளந்ததுபோல் மாலை அளப்பதில்லை.

இத்துன்பத்தைத் தீர்க்க வந்த இயந்திரம், மாத்திரைக்காகப் பிறந்ததன்று, இரத்தத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய லெனார்டு ஸ்கெக்ஸ் என்பவர், நாள்தோறும் குவியும் இரத்தச் சோதனைகளைக் கண்டு ஒரு சூழ்ச்சி செய்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனிச் சோதனைக் குழாய் எதற்கு? ஒரே மெல்லிய குழாயில் மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் என்ன? ஓடும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுமே என்னும் ஐயம் எழுகிறதல்லவா? அதற்குத்தான் அவர் காற்றுக் குமிழிகளைப் பயன்படுத்தினார். திரவ ஓட்டத்தினுள் ஒழுங்கான இடைவெளியில் குமிழிகளைச் செலுத்தினார். ஒவ்வொரு குமிழியும் குழாயின் சுவரைத் துடைத்துக்கொண்டு செல்லும். முன்னதையும் பின்னதையும் பிரித்து நிற்கும். உருளைகளால் குழாய்களை அழுத்தி அழுத்தித் திரவத்தைத் தள்ளும் ஒரு பம்பு, வினைப்பொருள்களைச் சரியான விகிதத்தில் சேர்க்கும். பின்னர் வெந்நீர்த் தொட்டி வழியே சென்று நிறம் தோன்றும். ஒளிமானி நிறத்தின் ஆழத்தை அளக்கும். ஒரு பேனா நகரும் தாளில் மேடு மேடாக வரைந்துகொண்டே போகும். மேட்டின் உயரமே பொருளின் அளவு. இதனை டெக்னிக்கான் என்னும் நிறுவனம் ஆட்டோ அனலைசர் என்ற பெயரில் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த எத்தனையோ கருவிகளுக்கிடையே ஒரு காற்றுக் குமிழி இத்துறையையே புரட்டிவிட்டது வியப்புக்குரியது.

1960களில் இவ்வியந்திரத்தின் முன்னே இன்னொரு பகுதியைச் சேர்த்தார்கள். வட்டத் தட்டின் குழிகளில் மாத்திரைகளை வைத்துவிட்டால், ஒவ்வொன்றாகக் கரைப்பான் நிறைந்த கலத்தில் விழும். விரைந்து சுழலும் அலகுகள் அதனை அரைத்துக் கரைக்கும். கரைசல் குமிழி ஓட்டத்தில் சேரும். கார்ட்டிசோன் வகை இயக்குநீர்களுக்கு டெட்ரசோலியம் நீலம் என்னும் வினைப்பொருள் நிறமூட்டப் பயன்பட்டது. மாத்திரைக்கு ஒரு மேடு. பத்து மாத்திரைக்குப் பத்து மேடு. மேடுகள் ஒரே உயரமாக நின்றால் கலவை சீர். மலைத்தொடர்போல் ஏறியிறங்கினால் கோளாறு. தாளைப் பார்த்த அளவிலேயே விளங்கிவிடும். அதே பத்தாண்டில், மருந்துகளுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்க மருந்து நெறிநூலும், அளவு சிறிய மாத்திரைகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்னும் விதியைப் புகுத்தியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1960களின் பிற்பகுதியில் செயின்ட் லூயிஸ் நகரில் மருந்துப் பகுப்பாய்வுக்கென்று ஒரு தேசிய நிலையம் அமைத்து, இத்தகைய இயந்திரங்களைக் கொண்டு கடையில் விற்கும் மாத்திரைகளைச் சோதிக்கலாயிற்று. விதி முந்தியதா இயந்திரம் முந்தியதா என்று வினவினால், இயந்திரம் வந்திராவிடின் அவ்விதி ஏட்டிலேயே கிடந்திருக்கும் என்பதே என் கருத்து.

அவ்விதி இன்று எந்நிலையில் உள்ளது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்து பார்க்கலாம். முதல் தொகுதியிலிருந்து பத்து மாத்திரைகளைச் சோதித்தபோது, குறிக்கப்பட்ட அளவில் நூற்றுக்கு 98, 99, 101, 100, 102, 99, 100, 101, 98, 102 என்று வந்ததாகக் கொள்வோம். இரண்டாம் தொகுதியில் 88, 112, 95, 105, 91, 109, 100, 100, 93, 107. இரண்டுக்கும் சராசரி 100தான். பழைய முறைப்படி இரண்டும் தேர்வு. ஆனால் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் முதல் தொகுதிக்கு 1.5; இரண்டாவதற்கு 8.2. விதி என்ன சொல்கிறதென்றால், திட்ட விலக்கத்தை 2.4ஆல் பெருக்கு, சராசரி நூறிலிருந்து மிகவும் விலகியிருந்தால் அவ்விலக்கத்தையும் கூட்டு, விடை 15ஐ மீறக்கூடாது. முதல் தொகுதிக்கு விடை ஏறத்தாழ 3.6. இரண்டாவதற்கு ஏறத்தாழ 19.6. இரண்டாவது தொகுதி முதற்கட்டத்தில் தவறியது. மேலும் இருபது மாத்திரைகளைச் சோதித்து இரண்டாம் வாய்ப்பு அளிப்பார்கள். அப்போது பெருக்கும் எண் 2. ஏற்ற இறக்கம் அப்படியே நீடித்தால் அதிலும் தவறும். சராசரி, சிதறல் ஆகிய இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிய இவ்விதி, பள்ளிக் கணிதத்தில் திட்ட விலக்கம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு நல்ல விடையாகும்.

நிறத்தை அளக்கும் முறையில் ஒரு குறை தங்கியிருந்தது. தைராக்சினில் அதுவே பெரிதாக வெளிப்பட்டது. தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. எடையில் நூற்றுக்கு 65 பங்கு அயோடினே. ஆதலின் மாத்திரையிலுள்ள அயோடினை அளந்து, அதிலிருந்து தைராக்சின் இவ்வளவு என்று முடிவு கட்டினார்கள். ஆனால் தைராக்சின் கெட்டு உடைந்துபோனாலும் அயோடின் மாத்திரைக்குள்ளேதான் கிடக்கும்! வீடு இடிந்து விழுந்தபின் செங்கற்களை எண்ணி, வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதை ஒத்தது இது. ஓர் அயோடின் அணு நீங்கினால் அது லையோதைரோனின் என்னும் வேறோர் இயக்குநீர் ஆகிவிடுகிறது. வலிமையோ தைராக்சினைவிடப் பன்மடங்கு. அயோடினை மட்டும் எண்ணினால் இவ்வேறுபாடும் தெரியாது.

1980களில் இவ்விடத்தை நிறப்பிரிகை என்னும் முறை எடுத்துக்கொண்டது. மிக நுண்ணிய தூள் நிரப்பிய எஃகுக் குழாயினுள் கரைசலை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கரைசலிலுள்ள ஒவ்வொரு பொருளும் அத்தூளில் ஒட்டும் அளவு வேறு; ஆதலின் ஒவ்வொன்றும் வெளிவரும் நேரமும் வேறு. புற ஊதா ஒளி ஒவ்வொன்றையும் வெளிவரும்போதே பார்த்து அளக்கிறது. தைராக்சினுக்கு ஒரு மேடு; லையோதைரோனினுக்குத் தனி மேடு; கெட்டுப்போன பகுதிகளுக்கு வேறு மேடுகள். பொருளின் அளவோடு அதன் அடையாளமும் இதனால் கிடைக்கிறது.

இம்முறை வந்தபின் கரைப்பதும் வடிப்பதுமே மீண்டும் தடையாயின. 1981இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட சைமார்க் என்னும் நிறுவனம், சோதனைச்சாலைக்கென்று ஓர் இயந்திரக் கையை வடித்தது. பின்னர் மாத்திரைகளுக்கென்றே முழுமையான ஓர் அமைப்பையும் உருவாக்கியது. இன்றைய தரக்கட்டுப்பாட்டுச் சாலைகளில் காணப்படும் அத்தகைய அமைப்புகளின் வேலைமுறை இது: மாத்திரை ஒரு கலத்தில் விழுகிறது, இயந்திரம் நிறுத்துப் பார்க்கிறது, கரைப்பானை ஊற்றி, ஊற்றியது எவ்வளவு என்பதையும் நிறுத்தே உறுதி செய்கிறது, அலகைச் சுழற்றி அரைக்கிறது, சற்று நேரம் தெளியவிட்டு, வடிகட்டி வழியே உறிஞ்சி, வேண்டிய அளவு நீர்க்கச் செய்து, நிறப்பிரிகைக் குழாய்க்குள் செலுத்துகிறது, பின் தன் கலத்தைத் தானே கழுவிக்கொண்டு அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்கிறது. மாலையில் மாத்திரைகளை அடுக்கிவிட்டு வீடு சென்றவர், காலையில் வந்து முடிவுகளைப் பார்க்கிறார். கருத்தடை மாத்திரைபோன்ற வலிய இயக்குநீர்களில் இன்னுமொரு நன்மை உண்டு. அத்தூளை நாள்தோறும் பொடித்துச் சுவாசித்தால் சோதிப்பவர் உடலே பாதிக்கப்படும். மூடிய கலத்துக்குள் இயந்திரம் அரைப்பதால் அத்தீங்கு குறைகிறது.

இயந்திரம் செய்தது ஆகையால் பிழை இராது என்று யாரேனும் எண்ணினால், அவர் இயந்திரத்தோடு பழகியவர் அல்லர். மனிதன் செய்யும் பிழை இடத்துக்கு இடம் மாறும். இயந்திரம் ஒரே பிழையை ஆயிரம் முறை ஒழுங்காகச் செய்யும். தைராக்சின் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும்போது வடிகட்டியிலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நல்ல மாத்திரையும் அப்போது வலிமை குறைந்ததாகத் தோன்றும். கழுவுதல் போதாவிடின் முன்னைய மாத்திரையின் எச்சம் அடுத்ததில் சேர்ந்து, வலிமை மிகுந்ததாகக் காட்டும். ஆதலின் இடையிடையே அளவு தெரிந்த கரைசலையும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் செலுத்திப் பார்க்கிறார்கள். வெறும் மாத்திரையில் மருந்து இருப்பதாக இயந்திரம் சொன்னால், அன்றைய முடிவுகளை நம்ப முடியாது.

இயந்திரம் உண்மை சொல்லியும் மனிதர் அதனைக் கேளாத கதையும் உண்டு. 1993இல் நியூ ஜெர்சியில் பார் லபாரட்டரீஸ் என்னும் மருந்து நிறுவனத்தின்மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி ஆல்பிரட் வோலின் அளித்த தீர்ப்பு இத்துறையில் புகழ்பெற்றது. தவறிய முடிவு வந்தால் மறுபடி மறுபடி சோதித்து, தேறிய முடிவுகளோடு தவறியதையும் சேர்த்துச் சராசரி கண்டு, தொகுதி தேறிற்று என்று சொல்வது தகுமா என்பது அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. மாத்திரைகளின் சீர்மையை அறிவதற்காகச் செய்யும் சோதனையில் சராசரி காண்பது, எந்த வேறுபாட்டைக் காண வேண்டுமோ அதையே மறைத்துவிடும் என்று நீதிபதி கொண்டார். இருபது மாத்திரைகளைப் பொடித்த காலத்தின் பழைய ஓட்டை, இயந்திரங்கள் வந்தபின் கணக்கேட்டில் வந்து புகுந்திருக்கிறது பாருங்கள். இன்று கணினி தான் அளந்த ஒவ்வொரு முடிவையும், அதனை யார் எப்போது மாற்றினார் என்பதையும் அழியாமல் பதிந்துவைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

தைராக்சினுக்கு வருவோம். 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1991 முதல் அதுவரை பத்து முறை தைராக்சின் மாத்திரைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன, 150 தொகுதிகள், பத்துக் கோடிக்கு மேற்பட்ட மாத்திரைகள். ஒரு தடவை நீங்கலாக மற்றெல்லாவற்றுக்கும் காரணம், வலிமை குன்றியது அல்லது காலாவதி நாள் வரை வலிமை நிற்கும் என்று உறுதி கூற இயலாதது. அதுகாறும் பழைய மருந்து என்று தனி ஒப்புதலின்றி விற்கப்பட்டுவந்த தைராக்சின், இனிப் புதிய மருந்துபோல் ஒப்புதல் பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. முதல் ஒப்புதல் 2000ஆம் ஆண்டில் கிடைத்தது.

2007இல் இன்னும் இறுக்கினார்கள். அதுவரை சராசரி வலிமை நூற்றுக்கு 90 முதல் 110 வரை இருக்கலாம் என்றிருந்ததை 95 முதல் 105 என்று குறுக்கினார்கள். ஏன் என்பதற்குச் சிறு கணக்கொன்று போதும். அமெரிக்காவில் தைராக்சின் 100, 112, 125 மைக்ரோகிராம் என்று நெருங்கிய படிகளில் கிடைக்கிறது. மருத்துவர் இரத்தச் சோதனையைப் பார்த்து ஒரு படி ஏற்றுவார், இறக்குவார். பழைய விதிப்படி 100 மாத்திரை 110 வரை இருக்கலாம். 112 மாத்திரையோ 100.8 வரை குறையலாம். அதாவது மருத்துவர் அளவைக் கூட்டி எழுதியும் நோயாளிக்குக் கிடைப்பது குறையலாம்! புதிய விதிப்படி 100 மாத்திரையின் மேல் எல்லை 105. 112 மாத்திரையின் கீழ் எல்லை 106.4. ஒன்றை ஒன்று தாண்டாது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்ல வேண்டும். தைராக்சின் உடலில் மெல்லத்தான் தீர்கிறது. உட்கொண்டதில் பாதி குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகவே இன்று விழுங்கியது சற்றுக் குறைந்தும் நாளை விழுங்குவது சற்று மிகுந்தும் இருந்தால் இரத்தத்தில் அது சமப்பட்டுவிடும். உடலே சராசரி பார்த்துக்கொள்கிறது. அப்படியாயின் ஒவ்வொரு மாத்திரையையும் பார்ப்பது வீண் வேலை ஆகாதா? எல்லா இயக்குநீரும் தைராக்சின்போல் பொறுமையுடையன அல்ல என்பது முதல் விடை. புரோஜெஸ்டோஜன் மட்டுமே உள்ள சில கருத்தடை மாத்திரைகளை உரிய நேரத்துக்கு மூன்று மணிக்குமேல் தாழ்த்தக்கூடாது என்று அறிவுறுத்துகிறார்கள். அங்கே ஒரு நாள் குறைவு ஒரு நாளின் இழப்பே. இரண்டாவது விடை குழந்தைகளைப் பற்றியது. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒரு குழந்தை கேடயச் சுரப்பி சரிவர இயங்காமல் பிறக்கிறது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து அக்குழந்தைகளைக் கண்டறிகிறார்கள். உடனே தைராக்சின் தொடங்கினால் அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் வளர்ந்து நம் வகுப்பறையில் வந்து அமரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். மூன்று கிலோகிராம் எடையுள்ள சிசுவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 மைக்ரோகிராம் வேண்டும். தாய் அதற்காக மாத்திரையைப் பாதியாக உடைத்து, பொடித்து, பாலில் குழைத்துக் கொடுக்கிறாள். அப்போது மாத்திரைக்கு மாத்திரை மட்டுமன்றி, ஒரே மாத்திரையின் இரு பாதிகளுக்கிடையிலும் சீர்மை வேண்டும்.

நம் நாட்டு வெயிலும் ஈரமும் இன்னொரு பகை. வெப்பம், ஈரம், ஒளி மூன்றும் தைராக்சினைக் கெடுக்கும். குளிர் நாட்டுக்கென மாத்திரைகளை 25 பாகை வெப்பத்தில் வைத்துச் சோதித்தால் போதும். ஆசியான் நாடுகளுக்கான நெறிப்படி 30 பாகையிலும் நூற்றுக்கு 75 ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கொரு முறை, பின் ஆறு மாதம், பின் ஓராண்டு என்று காலாவதி நாள் வரை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வலிமைகள், ஒவ்வொன்றிலும் மூன்று தொகுதிகள், எட்டுத் தடவை, தடவைக்குப் பத்து மாத்திரை என்று கொண்டால் 2,880 மாத்திரைகள். இயந்திரக் கை இல்லாமல் இக்கணக்கை நினைத்தும் பார்க்க இயலாது. கடையில் வாங்கிய மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்தெடுத்து, அடுப்படி அலமாரியில் திறந்த டப்பாவில் வைப்பவர்களுக்கு இச்சோதனைகள் எதுவும் காவல் அல்ல.

சோதித்த மாத்திரை அழிந்துபோகிறது என்பது இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான குறை. பத்து லட்சத்தில் பத்தையோ முப்பதையோ அரைத்துப் பார்த்து, மீதியைப் பற்றி ஊகிக்கிறோம். அரைக்காமலே, அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியை மாத்திரையினூடே பாய்ச்சி மருந்தை அளக்கும் கருவிகள் சில தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றன. மருந்து நூற்றுக்குச் சில பங்காவது உள்ள மாத்திரைகளை ஓட்டத்திலேயே ஒவ்வொன்றாக அவை பார்த்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கே மருந்துள்ள தைராக்சின் மாத்திரைக்கு அவ்வொளியின் கூர்மை போதவில்லை. துணைப்பொருளின் மறுமொழி மருந்தின் மறுமொழியை மூழ்கடித்துவிடுகிறது. ஆகவே அதற்கு மட்டும் அரைக்கும் அலகும், கரைப்பானும், நிறப்பிரிகைக் குழாயும் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கின்றன.